முகில் நின்ற இடம்

வந்தாறுமூலையில், குளிரூட்டி இரைகிற அறையில்,
இரவு பதினொன்றே முக்காலுக்கு
ஜௌபரின் அழைப்பு வந்தது.
"மிதுர்ஷா மிஸ், நீங்க அனுப்பின படத்தில
முகில் எங்கட ஐஸ் கொம்பனிக் கூரைக்கு மேல நிக்குது.
வெளிய வந்து பாத்தா
நிலவு எறிக்குது."

என் திரையில் சாய்ந்தமருது
ஊதாவும் கறுப்புமாய் உறைந்திருந்தது,
பூச்சியத்துக்குக் கீழே எழுபத்தெட்டுப் பாகையில்.
மாதிரியைக் கேட்டேன்.
ஆறு மணித்தியாலத்துக்கு முன்னர் ஊகித்ததையே
அது திருப்பிச் சொன்னது:
தெளிந்த வானம், தென்மேற்கிலிருந்து எட்டு நொட் காற்று.

மாதிரியைக் குறை சொல்ல முடியாது.
கரையில் இரண்டு மூன்று இடத்தில் அளக்கிறோம்.
அதற்குக் கிழக்கே, அந்தமான் வரைக்கும்,
மழைமானி நட முடியாத தண்ணீர்.
பாதித் தாள் வெறுமையாய் இருக்கும் பிள்ளைபோல
அது தனக்குத் தெரிந்ததை எழுதி நிரப்புகிறது.
அதனால்தான் செய்மதியின் கண்ணைக் கடன் வாங்குகிறோம்:
கண்ணை எவ்வளவு நம்புவது,
ஊகத்தை எவ்வளவு நம்புவது,
இரண்டு எண்கள்.
அவற்றை வைத்தவள் நான்.

போன வியாழன் கண்ணை அதிகம் நம்பினேன்.
அன்று தெரிந்தது வெறும் பஞ்சு,
எங்கோ பெய்து முடித்த முகிலின் கிழிசல்.
நாற்பது போட் கரையிலேயே கிடந்தன.
ஐஸ் உருகி றோட்டுக்கு ஓடியது.
ஒருவரும் ஏசவில்லை.
வாட்ஸ்அப் குழுவில் யாரோ
ஒரு சூரியனை மட்டும் போட்டிருந்தார்.

நிலவு எறிக்குது என்கிறான்.
ஜௌபருக்குப் பொய் சொல்ல ஒரு தேவையும் இல்லை.
செய்மதிக்கும் இல்லை.

பிறகுதான் உறைத்தது.
அது எங்கள் உச்சியில் நிற்பதல்ல.
கிழக்கே, வெகு கிழக்கே,
நடுக்கோட்டுக்கு மேல் நின்று
சரிவாய்த்தான் எங்களைப் பார்க்கிறது,
கல்முனை பஸ்ஸில் ஓரத்துச் சீற்றிலிருந்து
சாரதியின் வேகமுள்ளைப் படிப்பதுபோல.
ஓடுவது ஐம்பதில்.
எங்களுக்கு அறுபது.
பதினைந்து கிலோமீற்றர் உயர்ந்த முகிலின் தலை
முப்பத்தைந்து கிலோமீற்றர் மேற்கே தள்ளி
ஊரின் மேல் விழுந்திருக்கிறது.
கால் கடலில்.

விரலை வைத்துக் கிழக்கே அளந்தேன்.
ஏழு போட் வலை போட்டிருக்கிற இடம்.

இந்தத் திருத்தம் நிரலில் ஒரே ஒரு வரி.
ஆவணியில், ஓட்டம் மெதுவாகிறதென்று,
பிறகு பார்ப்போம் என்று குறித்து
நானே மூடி வைத்த வரி.

ஜௌபர் ஒன்றும் கேட்கவில்லை.
தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு
வயர்லஸ்ஸில் கத்துவது கேட்டது.
வரியைத் திறந்தேன்.
முகிலை அதன் காலுக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தி
மாதிரியை மறுபடி ஓடவிட்டேன்.
பத்தொன்பது நிமிடம்.
அதற்குள் ஆறு போட் பதில் சொல்லிவிட்டன.
ஏழாவது முபாரிஸினது.
வியாழனுக்குப் பிறகு அவன்
செற்றைப் போடுவதில்லையாம்.

பன்னிரண்டு இருபதுக்கு மாதிரி முடித்தது:
அந்தச் சதுரத்தில் முப்பத்துநாலு நொட்.
சரியாகச் சொல்லிவிட்டது.
எனக்குத் தேநீர் கூட இறங்கவில்லை.

மூன்று மணிக்கு மழை கரைக்கு வந்தது.
"இப்பதான் எங்கட கூரைக்கு மேல" என்றான் ஜௌபர்.
சிரிக்கப் பார்த்தான்.

சுபஹுக்குப் பிறகு முபாரிஸ் வந்து சேர்ந்தான்.
பாதி வலையை அறுத்துவிட்டு,
நனைந்த எஞ்சினைத் துடைத்துத் துடைத்து.
காற்று எந்தப் பக்கத்தால் வந்தது என்று
ஜௌபர் மூலம் கேட்டேன்.
"முதல்ல கிழக்கால, ஐஸ் மாதிரி.
அதுக்குப் பிறகு எல்லாப் பக்கத்தாலயும்."

திசைக்கான கட்டத்தில் பாகை மட்டும்தான் போடலாம்.
தொண்ணூறு என்று போட்டேன்.
குறிப்புக்கான கட்டத்தில்
எல்லாப் பக்கத்தாலும் என்று எழுதினேன்.
அந்தக் கட்டத்தை மாதிரி வாசிப்பதில்லை.
ஆனாலும் சேமித்தேன்.